மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த சிட்டு

கல்யாணமான மறுவாரமே வேலைக்குச் சேர்ந்ததால் அவனுக்கு மாப்பிள்ளை என்ற பெயர் வந்தது. புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் வாசலில் நின்றவனைப் பார்த்து முதலாளிதான் தொடங்கி வைத்தார். "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள, என்ன சாப்பிடறீங்க மாப்ள." ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. பிறகு சட்டை வெளுத்தது, முன்தலையில் முடி கொட்டியது, தொப்பை எட்டிப் பார்த்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவனுடைய சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் பக்கத்து நாற்காலிக்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

அவன் முன்பக்கக்காரன். போன் திரையில் மனிதர்கள் பார்ப்பதையும் தொடுவதையும் எழுதுவது அவன் தொழில். தரவும் கணக்கும் பின்னால் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும்; பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பது அவன் பாடு. நன்றாகவே செய்தான். அவனுடைய மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அணுக்களைப் பிரித்துப் பார்க்கிறவள். "இவரு பெரிசா காட்டறவரு, நான் சின்னதப் பாக்கறவ" என்று சொந்தக்காரர்கள் வந்தால் சொல்லுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

சேர்ந்த சில வருடங்களில் அவன் ஒரு காட்சியைப் பார்த்தான். அவனுக்கு முன்பிருந்தே முன்பக்க வேலை பார்த்துவந்த தடித்த கண்ணாடிக்காரர் ஒருவரை, டீ குடித்து முடித்த கையோடு முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். தடுப்புப் பலகை மெல்லிசு. பேச்சு அப்படியே கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க பண்றத இப்ப யார் வேணாலும் பண்ணிடலாம். அதான் விஷயம்."

கண்ணாடிக்காரர் முதுகுவலிக்காக நாற்காலியில் ஒரு மெத்தையைக் கட்டி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார். "அது உங்களுதா, ஆபீசுதா?" என்றார் முதலாளி. "என்னுதுதான்." "பில் ஏதாவது இருக்கா?" கண்ணாடிக்காரர் மெத்தையை அவிழ்க்காமலே கிளம்பினார். மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவன் வந்து உட்கார்ந்து, மெத்தை வசதியாக இருக்கிறது என்று சொன்னான்.

அன்று மாப்பிள்ளைக்குள் புகுந்த பயம் பிறகு வெளியே வரவேயில்லை. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதைச் செய்கிறவனுக்கு இந்த இடத்தில் மெத்தைகூட மிஞ்சாது என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று.

இரண்டு வருடம் கழித்து லிஃப்ட் கம்பெனி வேலை வந்தது. ஊர் முழுக்க உள்ள கட்டடங்களில் லிஃப்ட்டுகளைப் பழுதுபார்க்கும் கம்பெனி அது. அதன் மெக்கானிக்குகளுக்கு ஒரு ஆப் வேண்டும். காலையில் எந்தெந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும், எந்த லிஃப்ட்டில் என்ன கோளாறு, என்ன மாற்றினோம், அதற்கு ஒரு போட்டோ. இவ்வளவுதான். ஆனால் மெக்கானிக்குகள் நிற்பது லிஃப்ட் குழியில், கட்டடத்தின் அடிவயிற்றில். அங்கே சிக்னல் கிடையாது. கைகளில் கிரீஸ். போன்கள் அரதப்பழசு. சிக்னல் இல்லாவிட்டாலும் ஆப் திறக்க வேண்டும், எழுதியதையும் எடுத்த போட்டோவையும் போனுக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டு, மேலே ஏறி வந்ததும் தானாக அனுப்பிவிட வேண்டும். ஆப் ஸ்டோரில் தேடி இறக்கும் ஆப்பாக இருக்கக்கூடாது. ஒரு லிங்கைத் தொட்டால் பிரவுசரில் திறந்து, முகப்பில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தொழிலில் இதற்கு புரொகிரசிவ் வெப் ஆப் என்று பெயர்.

இதை எதைக் கொண்டு கட்டுவது என்பதுதான் கேள்வி. ஸ்டாக் என்பார்கள். வீட்டுக்குச் செங்கல்லா மரமா என்று முடிவு செய்கிற மாதிரி. எழுப்பிய பிறகு மனம் மாறினால் இடிப்பதைத் தவிர வழியில்லை.

மாப்பிள்ளைக்குக் கீழே ஒரு பெண் வேலை பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். அவளும் அண்ணா என்பாள். வீட்டுக்கு வந்து அவன் மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். தொழிலில் பாதியை அவனிடம்தான் கற்றாள். மீதிப் பாதியை அவளே கற்றுக்கொண்டாள். அந்த மீதிதான் அவனுக்கு உறுத்தல்.

அவள் ரியாக்ட் என்ற கருவியில் கட்டலாம் என்றாள். ஊரில் உள்ள எல்லா முன்பக்கக்காரர்களுக்கும் தெரிந்தது அது. அவன் சிட்டுவில் கட்டலாம் என்றான். அதன் நிஜப் பெயர் ஏதோ ஒரு சின்னப் பறவையின் ஆங்கிலப் பெயர். ஆபீசில் சிட்டு என்றே வழங்கியது. எங்கோ தூர தேசத்தில் ஒரே ஒரு ஆள் ஓய்வு நேரத்தில் எழுதி, இலவசமாக விட்டிருந்த கருவி. இறகு மாதிரி லேசு. பழைய போனிலும் தொட்டவுடன் திறக்கும். ஆனால் அதை முழுதாக அறிந்தவன் ஊரிலேயே இவன் ஒருவன்தான். இரண்டு வருடமாக வார விடுமுறைகளில் அதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தான்.

முதலாளி முன்னால் பேச்சு வந்தபோது தங்கச்சி சாதாரணமாக ஒன்று சொன்னாள்.

"சிட்டு வேகம்தான் சார், இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கு அண்ணாவும் நானும் இல்லன்னா, வேற யாராவது வந்து எடுத்துப் பண்ணணும் இல்ல? ரியாக்ட்னா ஆள் கிடைப்பாங்க."

முதலாளி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை மாப்பிள்ளை பார்த்தான். அவள் சொன்னது சரி என்று அவனுக்குத் தெரியும். சரியாக இருந்ததுதான் தொல்லை. வேறு யாராவது வந்து எடுத்துச் செய்ய முடியாதபடி இருக்க வேண்டும் என்றுதான் அவன் சிட்டுவையே கையில் எடுத்திருந்தான்.

இருவரும் ஆளுக்கொரு மாதிரி ஆப் செய்து காட்டட்டும் என்று முடிவாயிற்று. ஒரே திரை: கோளாறை எழுதுவது, போட்டோ எடுப்பது, சிக்னல் இல்லாமல் அதைச் சேமிப்பது. லிஃப்ட் கம்பெனி மேனேஜரும் வந்து பார்ப்பார். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ரகத்திலேயே ஒரு பழைய போனை ஏற்பாடு செய்யும் பொறுப்பை மாப்பிள்ளை தானே கேட்டு வாங்கிக்கொண்டான்.

டெமோவுக்கு முந்தின நாள் மாலை எல்லோரும் போன பிறகு அந்தப் போனில் வீடியோக்களை ஏற்றினான். கல்யாண வீடியோ, கிரிக்கெட் வீடியோ, கையில் கிடைத்ததையெல்லாம். ஊசி நுழையவும் இடமில்லாதபடி போன் நிரம்பியது. அப்படிப்பட்ட போனில் எந்த ஆப்பாலும் ஒரு போட்டோவைச் சேமிக்க முடியாது.

மறுநாள் தங்கச்சிக்குத்தான் முதல் முறை. "லேடீஸ் ஃபர்ஸ்ட்" என்றான் அவன். சிக்னலை அணைத்தார்கள். அவள் கோளாறை எழுதினாள், போட்டோ எடுத்தாள், சேமி என்ற பொத்தானைத் தொட்டாள். திரை வெள்ளையாயிற்று. மறுபடி செய்தாள். மறுபடி வெள்ளை. அவள் காது மடல்கள் சிவந்தன. "நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சு சார்" என்றாள். அந்த வாக்கியத்தைக் கேட்காத மேனேஜர் யாரும் உலகத்தில் இல்லை. லிஃப்ட் கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொடு தங்கச்சி, திரையெல்லாம் கைரேகை" என்று போனை வாங்கிய மாப்பிள்ளை, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கைக்குட்டையால் துடைத்தான். துடைக்கிற சாக்கில் வீடியோக்களை அழித்தான். பிறகு தன்னுடையதைக் காட்டினான். சொடக்குப் போடுகிற நேரத்தில் திறந்தது, சேமித்தது, சிக்னல் வந்ததும் அனுப்பியது. லிஃப்ட் கம்பெனிக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. அவள் இன்னும் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னான்: "நல்ல பொண்ணு சார். உழைப்பாளி. ஆனா ஏசி ரூம்ல உக்காந்து எழுதறவங்களுக்கு, கீழ குழில நிக்கறவன் கஷ்டம் தெரியாது. அது சொல்லிக் கொடுத்து வராது."

சாயங்காலம் அவள் அவனுடைய மேஜைக்கு வந்தாள். "அண்ணா, போன்ல இடம் இருந்துச்சான்னு பாத்தீங்களா?"

"டெமோன்னா எல்லாத்தையும் நாமதான் பாத்துக்கணும் தங்கச்சி" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளை உதவிப் பக்கங்கள் எழுதப் போட்டார்கள். 'இந்தப் பொத்தானை அழுத்தவும்', 'இங்கே தொடவும்' என்று மாதக்கணக்கில் எழுதினாள். பிறகு வேலையை விட்டுப் போனாள். அவளுடைய பிரிவு விருந்தில் கேக்கை வெட்டிக் கொடுத்தவன் அவன்தான். தங்கச்சி ஏன் இப்போதெல்லாம் வீட்டுக்கு வருவதில்லை என்று மனைவி கேட்டபோது, "பெரிய இடத்துக்குப் போயிட்டா, நம்மள எங்க ஞாபகம் இருக்கப் போகுது" என்றான்.

பிறகு சில வருடங்கள் அவன் நிஜமாகவே மாப்பிள்ளையாக வாழ்ந்தான். ஜன்னல் வைத்த அறை கிடைத்தது. முதலாளி அவனைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. லிஃப்ட் கம்பெனி பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. ஆப்பும் அதோடு வளர்ந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சிட்டுவைப் புரிந்துகொள்ள முடியாமல் அவனிடம் வந்து நின்றால், "படிச்சுப் பாருங்க, புரியும்" என்பான். எதைப் படிப்பது? அவன் எதையும் எழுதி வைத்ததில்லை. எழுதுவதற்கு நேரமில்லை என்று சொல்வான். வந்தவர்கள் சில மாதம் முட்டிப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போவார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் அவனுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகக் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

"உங்க ஆபீஸ்ல நீங்க இல்லன்னா ஒண்ணும் நடக்காது போல" என்பாள் மனைவி, லீவு போட முடியாமல் ஒவ்வொரு பயணமும் தள்ளிப்போகும்போது. அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வான்.

ஒருநாள் காலை சிட்டுவின் இணையப் பக்கத்தைத் திறந்தான். அதை எழுதிய தூர தேசத்து ஆள் மேலே ஒரே வரி போட்டிருந்தார்: இதில் எனக்கு இனி ஆர்வமில்லை, யாரும் நம்பியிருக்க வேண்டாம், நன்றி. அவ்வளவுதான். சண்டையும் இல்லை, காரணமும் இல்லை. அந்த ஆளுக்கு வேறு பொழுதுபோக்கு கிடைத்திருக்கும். மாப்பிள்ளை அந்த வரியைப் பலமுறை படித்தான். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினான். யாரிடமும் சொல்லவில்லை.

கருவி அப்படியே நின்றுவிட்டாலும், போன்களின் பிரவுசர்கள் நிற்பதில்லை. அவை மாதத்துக்கு ஒருமுறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறையும் சிட்டுவில் ஏதாவது ஒன்று கழன்று விழும். அவன் கையால் ஒட்டுப் போடுவான். ஒட்டின் மேல் ஒட்டு. பிரவுசர் புதுப்பிக்கப்படுகிறது என்ற செய்தி வந்தாலே அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

பெரிய உடைப்பு ஒரு வேலைநாள் காலையில் வந்தது. இந்த வகை ஆப்பில் சர்வீஸ் வொர்க்கர் என்று ஒன்று உண்டு. போனுக்குள்ளேயே உட்கார்ந்து, சிக்னல் இல்லாதபோது சேமித்து வைத்த பக்கங்களை எடுத்துக் கொடுப்பது அதுதான். புதிய பிரவுசர் வந்ததும், சிட்டுவின் சர்வீஸ் வொர்க்கர் பழைய பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு புதியதை உள்ளே விடாமல் நின்றது. எல்லா மெக்கானிக்குகளின் போனிலும் முந்தின நாள் பட்டியல். நேற்று சரிசெய்த லிஃப்ட்டுக்கே இன்றும் போய் நின்றார்கள். இன்று கெட்டுப்போன லிஃப்ட்டுகளுக்குள் மனிதர்கள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் திருத்தம் எழுதி அனுப்பினான். அந்தத் திருத்தத்தையும் அதே சர்வீஸ் வொர்க்கர் உள்ளே விடவில்லை.

லிஃப்ட் கம்பெனி மேனேஜர் போனில் கத்தினார். முதலாளி மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அப்போது அவனுடைய போன் அடித்தது. மனைவி. அன்று அவள் விடுப்பில் வீட்டில் இருந்தாள்.

"ஏங்க, இடது கண்ணுல ஓரமா கறுப்பா ஒரு திரை மாதிரி இறங்குது. காலைலேர்ந்து பொட்டு பொட்டா பறந்துச்சு. சரியாப் போயிடும்னு பாத்தேன்."

"நாள் பூரா மைக்ராஸ்கோப்ப பாத்தா பொட்டுதான் பறக்கும். கழுவிட்டுக் கண்ண மூடிப் படு."

"இது வேற மாதிரி இருக்குங்க. டாக்டர்கிட்ட போயிடலாமா?"

"படுன்னு சொல்றேன் இல்ல. இங்க தலை போற வேலை. ஒண்ணும் ஆகாது."

அவன் அவ்வளவு அழுத்தமாகச் சொன்னதால் அவள் நம்பினாள். அவனுடைய பதற்றத்தை அவள் உறுதி என்று எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அழைத்தாள். அவன் திரையைப் பார்த்தான்.

"யாரு?" என்றார் முதலாளி.

"வீட்ல."

"அப்புறம் பேசிக்கலாம் இல்ல மாப்ள?" என்றார், தோளில் கை வைத்து. மிகவும் மெதுவாகத்தான் வைத்தார். அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

அன்று அவன் வீட்டுக்குப் போனபோது அவள் கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு தூங்கியிருந்தாள். மறுநாளும் போன்கள் சரியாகவில்லை. ஒவ்வொரு மெக்கானிக்கையும் ஆபீசுக்கு வரவழைத்து, அவனே கையால் ஒவ்வொரு போனிலும் பழையதைப் பிடுங்கி எறிய வேண்டியிருந்தது. சாயங்காலம் போகலாம் என்றான். சாயங்காலம், நாளைக்கு என்றான். கடைசியில் கண் மருத்துவமனைக்குப் போனபோது, விழித்திரை முழுதாகக் கழன்றிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிந்தது.

"திரை இறங்குதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். ஏம்மா வரல?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வேலை இருந்துச்சு" என்றாள் அவள். யாருடைய வேலை என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவனைப் பார்க்கவும் இல்லை.

பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் கண்ணால் பார்க்க முடியும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஒரு அணுவைத் தவறாகப் பார்த்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். முன்னறையில் நோயாளிகளின் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் வேலை கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை வேறு வேலை தேடத் தொடங்கினான். போன இடங்களில் எல்லாம் சிட்டு என்றதும் எதிரில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு இடத்தில், அவனைவிடப் பாதி வயதுக்காரன் ஒருவன், "அது இன்னுமா ஓடுது?" என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டான். ரியாக்ட்டில் சாதாரணமாக ஒரு திரை செய்து காட்டச் சொன்னார்கள். அவனுக்குத் தெரிந்த ரியாக்ட் பல வருடப் பழசு. எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை.

வேலை தேடுகிற சேதி எப்படியோ முதலாளி காதுக்குப் போயிற்று. அவர் கோபப்படவில்லை. மனைவியைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போக அரைநாள் லீவு கேட்டு நின்றவனிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"உன்னால வேற எங்க போக முடியும் மாப்ள? போய் வேலையப் பாரு."

அத்தனை வருடத்தில் முதல்முறையாக 'நீ' என்றார். அதற்குப் பிறகு 'நீங்க' திரும்பவில்லை. ஜன்னல் அறை வேறொருவருக்குப் போயிற்று. அவனுடைய மேஜை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நகர்ந்தது.

ஒரு காலை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சதை பிடித்து, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பக்கத்தில் அவளுடைய ஆட்கள் இரண்டு பேர். அவள் இப்போது சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறாள். லிஃப்ட் ஆப்பை அடியோடு புதிதாகக் கட்டித் தரப்போவது அவள் கம்பெனிதான்.

"நல்லா இருக்கீங்களா அண்ணா? அண்ணி நல்லா இருக்காங்களா?"

"இருக்கா" என்றான். கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை.

பழைய ஆப்பில் எது எப்படி வேலை செய்கிறது என்று அவன் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார் முதலாளி. எங்கும் எழுதி வைத்ததில்லை என்பதால், அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். வாரக்கணக்கில் நடந்தது. அவன் பேசப் பேச ரெக்கார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். தங்கச்சியின் ஆட்களில் ஒருவன், எழுதியது யார் என்று தெரியாமல், "யாரு மேடம் இத எழுதினது, ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி இருக்கு" என்றான். தங்கச்சி அவனைத் திருத்தவில்லை. "மேல படி" என்றாள்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் மாப்பிள்ளை சொல்லாமல் தாண்டினான். சிக்னல் பாதியில் அறுந்தால் ஒரே போட்டோ இரண்டு முறை போகாமல் தடுக்கிற சூட்சுமம் அது. அது தெரியாவிட்டால் அவர்கள் தடுமாறுவார்கள், திரும்பத் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. மதியம் அவள் தனியாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒரு இடத்த விட்டுட்டீங்களே."

அவன் சொல்லிக்கொடுத்தான். முடித்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் போன்ல வீடியோ ரொப்பினது நீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவன் கேட்டான்: "ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா யாரு நம்பியிருப்பாங்க? உங்கள எல்லாருக்கும் பிடிக்கும். ரொம்ப நாள் உங்கள நினைச்சுத் தூங்கவே மாட்டேன். அப்புறம் வேலை ஜாஸ்தியாயிடுச்சு. மறந்துட்டேன். இங்க வந்து உங்களப் பாத்ததும்தான் ஞாபகமே வந்துச்சு."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். மறந்துவிட்டேன் என்றதைத்தான் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்; அதற்குள் அவளுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

புதிய ஆப் ரியாக்ட்டில் எழும்பி, மெக்கானிக்குகளின் போன்களில் ஏறியது. சிட்டுவைவிடக் கொஞ்சம் மெதுவாகத் திறந்தது. யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. கடைசி நாள் முதலாளி அறையில் மூவரும் இருந்தார்கள். கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு, வீடு காலி செய்கிறவர் பழைய பீரோவைக் காட்டிக் கேட்பது மாதிரி, முதலாளி மாப்பிள்ளையைக் காட்டித் தங்கச்சியிடம் கேட்டார்.

"இவன நீங்க எடுத்துக்கறீங்களா? உங்க பழைய ஆள்தானே."

மாப்பிள்ளை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த ஒரு கணம் அவனுக்கு ஆசை வந்தது. பின்னால் அதை நினைத்துத்தான் அவன் அதிகம் கூசினான்.

அவள் யோசித்தாள். அவமதிக்க வேண்டும் என்று யோசித்த மாதிரி இல்லை. கணக்குப் போட்ட மாதிரிதான் இருந்தது. "வேணாம் சார்" என்றாள். "அவர்கிட்ட இருந்ததெல்லாம் எடுத்தாச்சு."

அன்று மதியத்துக்குள் லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். சிட்டுவை ஏன் எடுத்தான், அந்தப் பழைய போனில் என்ன செய்தான், எல்லாம். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எதுக்கு அப்படிப் பண்ணீங்க?"

"என்ன யாரும் அனுப்ப முடியாதபடி இருக்கணும்னு நினைச்சேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். விடாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். பார்க்கிற கண்ணிலும் பார்க்காத கண்ணிலும் நீர் வந்தது. "அதனாலதானே அன்னைக்கு உங்களாலேயே எந்திரிச்சு வர முடியாமப் போச்சு" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "அவ்வளவு கெட்டியா உக்காந்திருக்கீங்க." பிறகு கத்தியை எடுத்து மிச்சக் காயை நறுக்கினாள்.

வேலையில்லாமல் ஒரு மழைக்காலமும் வெயில்காலமும் போயின. அவன் வீட்டில் உட்கார்ந்து, பாட வீடியோக்களைப் பார்த்து ரியாக்ட்டை அரிச்சுவடியிலிருந்து படித்தான். கடைசியில் பல் மருத்துவமனைகளுக்கு முன்பதிவுப் பக்கம் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே எல்லோரும் சின்னப் பிள்ளைகள். அங்கிள் என்று கூப்பிடுகிறார்கள். அவன் எழுதுவதை ஒரு இருபத்து மூன்று வயதுப் பெண் சரிபார்த்து, சிவப்புக் குறி போட்டுத் திருப்பி அனுப்புகிறாள். மரியாதையாகத்தான் செய்கிறாள். அவன் செய்கிற ஒவ்வொன்றையும் விளக்கமாக எழுதி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வரி விடாமல் எழுதி வைக்கிறான். அவன் நாளைக்கே வராவிட்டாலும் ஒரு பொத்தான்கூட நிற்காது.

காலையில் மனைவியைப் பரிசோதனைக் கூடத்தில் கொண்டு விடுகிறான், மாலையில் கூட்டி வருகிறான். அவள் திட்டுவதில்லை, பழசைக் கிளறுவதும் இல்லை. வேண்டியதைக் கேட்கிறாள், கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள். அவளுடைய இடப்பக்கமாக ஓசையில்லாமல் வந்து நின்றால், அவன் நிற்பது அவளுக்குத் தெரியாது.

ஒரு விடுமுறை நாள் துவைத்த துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். அவள் அங்கே கம்பியைப் பிடித்தபடி தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் இடப்பக்கம், கதவோரம்.

"அவரா? வீட்டுலதான் இருக்காரு. துணி துவைக்கறாரு, பாத்திரம் கழுவறாரு, ஒண்ணு விடாம செய்யறாரு." எதிர்முனையில் அக்கா ஏதோ சொன்னாள். "ஆமாக்கா, பாவம்னு எனக்கும் தோணணும்தான். முயற்சி பண்ணிப் பாக்கறேன். வரமாட்டேங்குது."

அவன் சத்தமில்லாமல் உள்ளே பின்வாங்கினான். பிறகு வாளியின் கைப்பிடி கடகடவென்று ஆடும்படி, செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு, மறுபடியும் பால்கனிக்கு வந்தான்.

"வந்துட்டீங்களா" என்றாள் அவள், போனைக் கீழே இறக்கிக்கொண்டு. "சட்டையெல்லாம் அந்தக் கடைசிக் கொடில போடுங்க. அங்கதான் வெயில் இருக்கு."